புளியாரை பிடுங்கும் வேலை

உப்புவெளிப் போர்க்கல்லறையில் எனக்கு நாட்கூலி.
புல்லுக்குள் வந்து நிற்கும்
புளியாரையைப் பிடுங்கவேண்டும்.
மேலே இழுத்தால் தலை மட்டும் வரும்,
விரலை மண்ணுக்குள் விட்டுக்
கணுக் கணுவாய்த் தேடவேண்டும்.
ஒரு வரிசை முடித்துத் திரும்பினால்
முதல் கல்லடியில் மறுபடி மூன்றிலை.

தைக் கடைசியில் ஒரு கடிதம்,
கோர்க் என்ற ஊரிலிருந்து, நோறா கீகன்.
சுப்பவைசர் நிசாம்தீன் வாசித்துச் சொன்னார்,
நிறுத்தி நிறுத்தி.
சேற்றில் கோழி நடந்த கையெழுத்து.
"என் அப்பாவின் தம்பி டெக்லன்.
கப்பலின் கொதிகலனுக்குத் தீ பார்த்தவன். வயது பத்தொன்பது.
கல்லில் நங்கூரம் வெட்டியிருக்கிறார்கள்.
நங்கூரம் கடற்படையுடையது.
அவனுடையது ஷாம்றொக்.
மார்ச் பதினேழில் ஒரு கொத்து வைப்பீர்களா?"

கூடவே ஒரு குட்டி உறை,
அதற்குள் கடுகிலும் சிறிய விதை.
யோகட் சட்டியில் தூவினேன்.
தைலமரத்து நிழலில் வைத்தேன்.
நாலு முளை வந்தது.
மூன்றாம் நாள் வெயிலுக்கு
நாலும் நூலாய்ச் சாய்ந்தது.

நிசாம்தீன் போனில் படம் காட்டினார்.
அந்த நாட்டுக்கே அடையாளமாம்,
விமானத்தின் வாலில்கூட வரைவார்களாம்.
பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.
"சேர், இதைப் பிடுங்கத்தானே
எனக்குச் சம்பளம் தாறீங்கள்?"
"இல்லைப் பிள்ளை, இது வேறை.
இதன்ர இலை வட்டம். உங்கட இலை நெஞ்சு மாதிரி,
நுனியில ஒரு வெட்டு."
பெரிதாக்கிக் காட்டினார். ஒத்துக்கொண்டேன்.
முகம் ஒன்று, குடும்பம் வேறு.

கடிதத்தின் பின்பக்கம் இன்னும் கொஞ்சம்:
"ஒரு துறவி மூன்றிலையைத் தூக்கிக் காட்டி
மூன்றும் ஒன்றே கடவுள் என்றாராம்.
அது பள்ளிக்கூடத்தில் சொன்ன கதை.
வீட்டில் சொன்னது வேறு.
பஞ்சத்தில் அதைப் பிடுங்கித் தின்றோம்."

முதலாவது எனக்குப் புதிதில்லை.
கோணேசர் மலைக்கு ஏறும் வழியில்
வில்வம் விற்பவளைக் கேட்டாலும் சொல்வாள்,
மூன்றிலையும் காம்பில் ஒட்டியிருந்தால்தான் சிவனுக்கு,
ஒன்று உதிர்ந்தால் ஆட்டுக்கு.

இரண்டாவதில்தான் நின்றுவிட்டேன்.
தொண்ணூறில், குச்சவெளிக்கு மேற்கே, காட்டுக்குள்
பதினொரு நாள்.
மா முடிந்த பிறகு
குளத்து ஈரத்தில் குந்தியிருந்து
அம்மா மடியில் சேர்த்தது இதைத்தான்.
உப்பில்லை. வெறும் புளிப்பு.
பல் கூசும், கண் தானாகச் சுருங்கும்.
என் முகம் போன போக்கைப் பார்த்துச்
சின்னவன் விளையாட்டென்று நினைத்து
இன்னும் கேட்டான்.

மார்ச் பதினேழுக்கு முன் இரண்டு கிழமை
நாலாம் வரிசையில் ஒரு கல்லடியை மட்டும்
பிடுங்காமல் விட்டேன்.
நிசாம்தீன் பக்கத்து வரிசையால் நடந்தார்,
வானத்தைப் பார்த்தபடி.
நங்கூரத்தின் கீழ்க் கொம்புவரை
பச்சை ஏறியது, இடையிடையே மஞ்சள் பூ.
பின்னேரம் ஆனதும் இலையெல்லாம்
குடை மடக்கியது மாதிரித் தொங்கின.
காலையில் எடுத்த படம்தான் அனுப்பத் தோதாய் இருந்தது.

"ஷாம்றொக் வைத்தோம் என்று போடவா?"
வேண்டாம் என்றேன்.
செத்தவன் தலைமாட்டில் நின்று என்ன பொய்.
இப்படி எழுதச் சொன்னேன்:
உங்கள் விதை வெயிலில் போய்விட்டது.
இது புளியாரை.
இதையும் தின்னலாம்.

பதில் இன்னும் வரவில்லை.

சித்திரை பிறந்து நாலாம் நாள்
கொழும்பிலிருந்து பார்வையிட ஆள் வருகிறதாம்.
குனிந்தேன். விரலை விட்டேன்.
முற்றின காய் ஒன்று தொட்டதும் வெடித்து
விதை கல்லெங்கும் தெறித்தது,
நங்கூரத்தின் பள்ளத்தில்,
பத்தொன்பதின் சுழியில்,
என் வியர்த்த கழுத்தில் ஒன்றிரண்டு.

நாளைக்கும் வேலை இருக்கிறது.