குடில் மணல்

கேமரா இல்லாத படத்துக்கு
ஒரு இருட்டு வேண்டும், ஒரு தாள் வேண்டும்,
தாள்மேல் படுத்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

மணவாளக்குறிச்சியில் எங்கள் குளியலறைதான் இருட்டு.
கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குள் எரிந்த சிவப்புப் பல்பு
திருநாள் முடிந்ததும் இங்கே வந்துவிடும்.
டெவலப்பரைக் குளிர்விக்கக் குளச்சல் மீன்பெட்டி ஐஸ்,
பாலிதீன் பையில் கட்டி, தட்டுக்கு அடியில்.
கறுத்தது போதும் என்று நிறுத்தக் கள்ளுக் காடி.
கதவுக்கு வெளியே மகள் கத்துவாள்:
"உள்ள மீனையா கழுவுற, ஊறுகாயா போடுற?"

முதலில் பிலாவிலை.
கஞ்சி கோரக் கோட்டிய கோலத்திலேயே வைத்தேன்.
ஈர்க்கில் குத்திய இடம்கூட விழுந்தது,
கறுப்பில் ஒரு வெள்ளைத் தையல்.
பிறகு பன்னத்தழை, கடல்பாசி,
மழையில் அழுகி நரம்பு மட்டும் மிஞ்சிய ரப்பர் இலை.

கேமராவோடும் போனேன்.
மாத்தூரில் தொட்டிப்பாலத்துக்கு அடியில் நின்று
அண்ணாந்து அண்ணாந்து ஒரு சுருள் முழுக்கத் தூண்கள்.
வெயில் பட்ட பக்கமெல்லாம் நெகட்டிவில் இரவு.
அவ்வளவு உயரத்தில் சுமந்து போகிற தண்ணீர்
ஒரு படத்திலும் இல்லை.
பத்மநாபபுரம் அரண்மனையில்
மர அழி வழியாக வந்த காலையை
கறுப்புத் தரை முன்னமே படம் எடுத்து வைத்திருந்தது.
நான் அதைப் பார்த்து எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

டிசம்பர் தொடக்கத்தில் புதுப் பெட்டி பிரித்தேன்.
நூறு தாள், சீல் உடையாதது.
பிலாவிலை வெள்ளையாக வரவில்லை. சாம்பல்.
இன்னொரு தாள், அதுவும் சாம்பல்.
பல்பைச் சந்தேகப்பட்டேன், காடியைச் சந்தேகப்பட்டேன்,
கதவிடுக்கில் துணி திணித்தேன்.
கடைசியில் பெட்டியின் அடித்தாளை உருவி
ஒரு வெளிச்சமும் காட்டாமல்
அப்படியே டெவலப்பரில் அமிழ்த்தினேன்.

கறுத்தது.
கறுப்புக்குள் மங்கலாக வெள்ளை வட்டங்கள்,
வளைந்து ஒரு வரிசை.

மாடிப்படிக்கு அடியில் போய்ப் பார்த்தேன்.
போன வருடக் குடிலுக்கு அள்ளிய கடற்கரைக் கறுமணல், அரைச்சாக்கு.
சாக்கின்மேல் மூத்தார் பனியடிமையின் பழைய வலை.
வலையின்மேல், பெட்டி இருந்த சதுரத்தில் மட்டும் தூசி இல்லை.
ஈயக்குண்டுகளைத் தொட்டேன்.
ஈயம் மறைத்த இடம் வெள்ளை.
மறைக்காத இடத்தில்
பதினோரு மாதமாக மணல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்த மணலுக்குள் என்ன இருக்கிறதென்று
எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்.
தெரிந்தது தட்டில் மிதந்து வரும் என்று தெரியாது.

மூத்தார் ஈரத்தாளை வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.
"இது எந்த லைட்டுல எடுத்தது பிள்ளே?"
"லைட்டே இல்ல."
"பின்ன?"
"மணலு எடுத்தது."
விரல் வைத்து எண்ணினார்.
"பதினேழுதான் இருக்கு. ரெண்டு குறையுதே."
"அங்க தாள் முடிஞ்சு போச்சு."

தாளிலிருந்து சொட்டியது அவர் லுங்கியில் பட்டது.
"ஆளு படுத்தா விழுமோ?"
"விழும். பதினோரு மாசம் அசையாம கெடக்கணும்."
அவர் கடல் பக்கம் பார்த்தார்.
பார்க்க அங்கே ஒன்றும் இல்லை,
கமத்திப் போட்ட ரெண்டு வள்ளம், அதன் நிழல்.
"வலைய ஒதுக்கிட்டு நாப்பது வருசமா
மத்தியானம் அங்கனதானே படுக்கேன்."
பிறகு அவரே சொன்னார்:
"பொரண்டு பொரண்டு படுத்திருப்பேன்.
தெளிவா இருக்காது."

படத்தைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன்.
மகள் ஸ்டார் கட்டிவிட்டு
குடிலுக்கு மணல் எங்கே என்று வந்து நின்றாள்.
நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.
மறுபடியும் கேட்டாள்.
காடி வாடை போகிற மாதிரி இல்லை.
இன்னும் கொஞ்சம் சோப்பு எடுத்தேன்.