முப்பத்தொன்றாம் எண் ஜாக்கெட்

துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம்
நாற்பத்திரண்டு வருஷமாய் இருக்கிறேன்.
சுவருக்கு மேலே நீளும் கிரேன்களின் கழுத்தைத் தவிர
உள்ளே எதையும் பார்த்ததில்லை.
கப்பல் ஊதினால் உலை வைப்பேன்.
அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

கடல் வாரமாம், இலவசப் படகாம்,
ஆதார் நகல் கொடுத்தால் நாற்பது நிமிடமாம்.
ரேஷன் வரிசையில் காதில் விழுந்தது.
எனக்கு முன்னால் மூன்றே பேர்,
பாமாயிலை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள். எண் 31.
யாருடைய வியர்வையோ, கொஞ்சம் டீசல்.
ஒரு பக்கம் சௌகார்பேட்டைத் தம்பதி,
படகு அவிழ்க்குமுன்பே பொட்டலம் அவிழ்த்துவிட்டார்கள்.
மறுபக்கம் காசிமேட்டு பிரிஜித்தம்மா,
விடிகாலை ஐஸ் உடைத்த கை இன்னும் சில்லென்று.
"எங்க வூட்டு ஆம்பளைங்க தெனம் போறாங்க,
நான் ஏறினதே இல்ல" என்றாள்
கம்பியை இறுக்கிப் பிடித்தபடி.

படகு விலகியதும்
ஊர் பின்னால் போகும் என்றிருந்தேன்.
அது எழுந்து நின்றது.
சிவப்பாய் உயர்நீதிமன்றம்,
அதன் தலையில் அவிந்துபோன பழைய விளக்கு.
கோட்டைக் கொடிமரம்.
நான் தினம் பஸ் மாறும் பாரிமுனை
கிடங்குகளுக்குப் பின்னால்
யாரோ மாதிரி நின்றது.

மைக்கில் ஒரு பையன், துஷ்யந்த் என்று அட்டை.
தாளைப் பார்த்துச் சொன்னான்:
அப்போதெல்லாம் கப்பல்கள் தூரத்தில் நிற்கும்,
மசூலாப் படகுதான் அலை தாண்டி ஆளை இறக்கும்,
ஆணியே கிடையாது, கயிற்றால் தைத்த பலகை.
துரைசாணிகள் தொப்பலாய் நனைந்தார்கள் என்றதும் சிரித்தோம்.
துடுப்பு போட்டவன் பேர் தாளில் இல்லை.
எம்டன் சுட்டதாம், எண்ணெய்த் தொட்டி எரிந்ததாம்.
அவன் கை காட்டிய திசையில்
ஒன்றுமே இல்லாத வானத்தை
எல்லோரும் போனில் படம் எடுத்தோம்.

உள்ளே அலை இல்லை.
அலை இல்லாத கடலை அன்றுதான் பார்த்தேன்,
தட்டில் ஊற்றிய கஷாயம் போல.
இங்கே அடிக்க வேண்டியதையும் சேர்த்துத்தான்
எங்கள் வாசலில் அடிக்கிறதோ.

"இதுதான் அலைதடுப்பு. கட்டினதும்
மணல் தெற்கே தங்க ஆரம்பித்தது.
அப்படித்தான் நமக்கு மெரினா கிடைத்தது"
என்றான், பரிசு அறிவிக்கும் குரலில்.
சௌகார்பேட்டைக்காரர் கை தட்டினார்.

பிரிஜித்தம்மா கம்பியை விட்டாள்.
"தெக்க தங்குச்சு, சரி தம்பி.
வடக்க வர வேண்டிய மண்ணு அது.
எங்க தெருவுல வூடு நாலு வரிசை, இப்ப ரெண்டு.
அத்த எந்தப் பக்கத்துல எழுதிக்கீறாங்க?"

அவன் தாளைத் திருப்பினான், பாவம்,
நிஜமாகவே தேடினான்.
பிறகு மைக்கைத் தட்டி, "அடுத்து, கார் ஏற்றுமதித் தளம்."
நூற்றுக்கணக்கில் கார்கள், ஒன்றிலும் ஆள் இல்லை.
எல்லாம் கடலைப் பார்த்தபடி.

வாய் வரைக்கும் போய்த் திரும்பியது படகு.
திரும்பும் அந்த ஒரு வளைவில்
எங்கள் மாடியின் நீலத் தொட்டியைத் தேடினேன்.
கொட்டிவைத்த கருங்கல்லுக்குப் பின்னால்
ஒரு நீலப் புள்ளி.
எங்களுடையதாகவும் இருக்கலாம்.
பிரிஜித்தம்மா எதையும் தேடவில்லை,
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கடன்காரனைப் பார்ப்பது போல.

இறங்கியதும் பிஸ்கட், காகிதத் தொப்பி.
வெயிலில் எண்ணூர் சாலையோரம் நடந்தேன்.
நகராத ட்ரெய்லர் வரிசை;
ஒன்றின் நிழலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கிளீனர்
என்னைக் கண்டு கத்தியோடு எழுந்தான்.
"அக்கா, புயலா?"

அப்புறம்தான் குனிந்து பார்த்தேன்.
கழற்றவே இல்லை.

திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்,
கையெழுத்து போட்டிருக்கிறேன், நகல் வேறு அவர்களிடம்.
கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது இப்போது,
கரண்ட் போனாலும் மினுங்குகிறது.
ஐப்பசி கழியட்டும்,
கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.