ஜனவரிக் கட்டங்கள்

டுலூத்தில் ஏரி விளிம்பு உறையத் தொடங்கும் வாரத்தில்தான்
ஜனவரிக்கான இரவுப் பட்டியலைப் போட உட்காருவேன்.
குழந்தைகள் வார்டு, ஆறாவது தளம், பதினான்கு கட்டில்.
முப்பத்தொரு இரவு, முப்பத்தொரு கட்டம்.
பெயர் விழுந்த கட்டத்துக்கு நீலம்.
விழாததற்கு நிறம் வைக்கவில்லை.
வெளியே பனியும்
அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

புது விதி வந்து இது இரண்டாவது குளிர்காலம்.
பயிற்சி மருத்துவர்களுக்கு வார்டில் வாரங்கள் குறைவு,
வெளிநோயாளிப் பிரிவில் கூடுதல்.
காகிதத்தில் இரண்டே வரி.
இங்கே அது
விடியற்காலை மூன்றரைக்கு
எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டிருக்கும் பேஜர்.

பழைய கணக்கும் எனக்குத் தெரியும்.
முதல் வருடம், தூங்காத முப்பதாவது மணி நேரம்,
ஒரு புள்ளியை இடம் மாற்றி வைத்தேன்.
மருந்து பத்து மடங்கானது.
மருந்தகத்திலிருந்து வில்லார்ட் கூப்பிட்டார்:
"டாக்டர், எழுதினதை எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்."
வாசித்தேன். பாதியில் குரல் நின்றுபோனது.
அந்தக் குழந்தைக்கு இப்போது பதினெட்டு வயது இருக்கும்.
ஹாக்கி ஆடுகிறதோ என்னவோ.
அதனால்
'எங்கள் காலத்தில்' என்று யாராவது ஆரம்பித்தால்
நான் காபி எடுக்க எழுந்துவிடுவேன்.

ஆனாலும்.

நவம்பரில், பிறந்து பதினாறு நாளான ஒரு பெண் குழந்தை.
காய்ச்சல். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும்.
டோபியாஸ் வென்ட் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான்.
தாய்க்குப் பேக்கரியில் வேலை, நகக்கண்ணில் இன்னும் மாவு.
"இதுவரைக்கும் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்றாள்.
செவிலி ஒடெட் என்னைப் பார்த்தாள்.
நான் சுவரைப் பார்த்தேன்.
"இரண்டு," என்றான். "இது மூன்றாவது."
மானிட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"நான் சுட்ட மூன்றாவது ரொட்டியை
நாய்கூட மோந்துவிட்டுப் போய்விட்டது," என்றாள் அவள்.
பிறகு என் பக்கம் தாடையை நீட்டி,
"செய்யட்டும். நீங்கள் நகரக் கூடாது."

நகரவில்லை.
நீர் தெளிவாக, சொட்டுச் சொட்டாக, இறங்கியது.

அந்த வெள்ளைக் கட்டங்களில் நகராமல் நிற்பது யார்?
இன்டர்நேஷனல் ஃபால்ஸிலிருந்து அழைப்பு வரும்:
மூச்சு இழுக்கிறது, நான்கு மாதம், கட்டில் இருக்கிறதா?
கட்டில் இருக்கிறது.
விரிப்பு மாற்றி, ஆக்ஸிஜன் குழாய் மாட்டி
தயாராக இருக்கிறது கட்டில்.

டோபியாஸ் கேன்டீனில் சூப்பை ஆற்றிக்கொண்டே சொன்னான்:
"வார்டு பிடிக்காமல் இல்லை.
அதற்கென்று இன்னும் இரண்டு வருடம் படிக்கச் சொல்கிறார்கள்,
அதே பயிற்சிச் சம்பளத்தில்.
கடன் இருநூற்றெழுபதாயிரம் டாலர்.
பிரிட்டாவுக்கு ஏழாம் மாதம்."
குளோகே ஊர் கிளினிக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டானாம்.
நான் உப்பை நகர்த்தி வைத்தேன். அவன் கேட்டிருக்கவில்லை.

எழும்போது சொன்னான்:
"ஜூபலுக்கு விசிலடிக்கத் தெரியும், தெரியுமா?"
ஜூபல். ஆஸ்துமா. போன வருடம் மட்டும் மூன்று தடவை.
அவன் ஆக்ஸிஜன் அளவுகளைத்
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
விசில் எனக்குத் தெரியாது.
கிளினிக்கில் உட்கார்ந்து, இன்ஹேலரை
எப்படி உறிஞ்சுவதென்று டோபியாஸ் காட்டியிருக்கிறான்,
ஒரு முழு மதியம்.
அதற்கப்புறம் ஜூபல் ஆறாவது தளத்துக்கு வரவேயில்லை.
வராத பையனை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஒன்பதாம் தேதியில் என் பெயரைப் போட்டேன்.
பதினேழிலும் போட்டேன்.
புரூயிட்டுக்கு முழங்கால் அறுவை, அவரைத் தொட முடியாது.
இருபத்து மூன்றில் என் பெயரை அடித்து,
அழித்து,
மறுபடி அடித்து, அழித்தேன்.
இருபத்து நான்கும் அப்படியே.
அனுப்பிவிட்டேன்.

மேலிருந்து உடனே பதில்:
'கோப்பில் சில கட்டங்களுக்கு நிறம் விட்டுப்போயிருக்கிறது,
சரிசெய்யவும்.'

விட்டுப்போகவில்லை, என்று எழுத ஆரம்பித்தேன்.
பேஜர் அடித்தது.