கூடம் கோணல்தான்

காலை நாலேகால்.
புர்னோ நகரில் பனி, தண்டவாளத்தில் உப்பு.
ஹுசோவித்சே வளைவில் சக்கரம் கிறீச்சிடும்.
அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டுகிறவள்
டிராம் ஓட்ட லாயக்கில்லை.
பத்தொன்பது வருடமாக எனக்கு இது தெரியும்.

வியாழக்கிழமை மாலைகளில் மட்டும்
தெரியாதவள்போலப் பாய்விரித்தேன்,
பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி அறையில்,
கூடைப்பந்து வளையத்துக்கு நேர்கீழே.

பத்மாசனம்.
என் வலது முழங்கால் தரைக்கு வரவில்லை,
பாதி கட்டிவிட்டுப் பணமில்லாமல் விட்ட பாலம்போல.
பக்கத்தில் ட்ரஹோமீரா
பட்டாணி உரிக்கிற சுலபத்தில் மடித்து வைத்திருந்தாள்.
"இன்னும் கொஞ்சம், போஷெனா. விட்டுக்கொடு"
ஸ்லாவ்காவின் உள்ளங்கை முழங்கால்மேல் இறங்கியது.

விட்டுக்கொடுத்தேன்.
பெரிய சத்தமில்லை.
டிக்கெட் இயந்திரம் தாளைக் கடிக்குமே,
அவ்வளவுதான்.

பிறைபோல ஒரு குருத்தெலும்பு,
அதன் ஓரத்தில் கிழிசல் என்றார்கள்.
இரண்டு மாதம் என் வண்டியிலேயே பயணியானேன்.
இரு பெட்டிகள் சேருமிடத்தில்
வட்டத் தகடு திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது திரும்பாமல் அடம்பிடித்தால்
வளைவு எங்கே போகும்?
போகத்தான் வேண்டும், எதையாவது உடைத்துக்கொண்டு.
இடுப்பு தராத கோணத்தை
என் முழங்கால் கடன்வாங்கிக் கொடுத்திருக்கிறது.
வட்டி இப்போது வருகிறது.

மார்ச்சில் ஸ்லாவ்கா ஒரு துவாலையோடு வந்தாள்.
உள்ளே இரண்டு தொடையெலும்புகள்.
மருத்துவக் கல்லூரி அலமாரியிலிருந்து
கையெழுத்துப் போட்டு வாங்கியவை.
யாருடையவோ. ஒன்று லேசான மஞ்சள்.
பாயில் பக்கம்பக்கமாகக் கிடத்தினாள்.
ஒன்றின் கழுத்து நன்றாக முன்னால் முறுக்கியிருந்தது,
மற்றது அவ்வளவாக இல்லை.
"இதில் எது சோம்பேறி?" என்றாள்.
யாரும் வாய் திறக்கவில்லை.
"எதற்கு மன உறுதி போதவில்லை?"
பிறகு என்னைப் பார்க்காமல்:
"நீ நடக்கையில் பாதம் உள்நோக்கிப் பார்க்கிறது.
ஆறு வருடம் அதைப் பார்த்திருக்கிறேன்.
பார்த்தும் அழுத்தினேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
என்றால் என்ன,
சில பேருக்குக் கூடம் கோணல்தான்.

அதற்குப் பிறகு வகுப்பில் பேச்சு மாறியது.
எங்கே இழுக்கிறது, சொல்லுங்கள்.
தசையின் வயிற்றில் பரவலாகவா? இருக்கட்டும், மூச்சு விடுங்கள்.
உட்காரும் எலும்புக்கு அருகே ஊசிமுனையாகவா?
அங்கே தசைநாண், உடனே வெளியே வா.
எதுவுமே இழுக்கவில்லை, சும்மா இடிக்கிறது என்றால்
அது எலும்பு. அதனிடம் கெஞ்சிப் பயனில்லை.
ஃபேசியாவை மட்டும்
என் சீருடைக் காலுறையால் புரிந்துகொண்டேன்:
கணுக்காலில் ஒரு சுற்றுக் கோணினால்
இடுப்பில் நாள்பூரா இறுக்கும்.
பொறுமையாக நீவினால் வழிக்கு வரும்,
வெடுக்கென்று இழுத்தால் நூல் ஓடிவிடும்.

அழுதவள் ட்ரஹோமீராதான்.
முக்கால்வாசியில் நில், தசையை இறுக்கிப் பிடி என்றதும்
அவள் தொடை நடுங்கியது, முதன்முறையாக.
எல்லோரும் கைதட்டிய அந்த வளைவெல்லாம்
மூட்டுகள் தொளதொளத்து ஆடிய ஆட்டம்.
தோள்பட்டை தூக்கத்தில் கழன்றுகொள்வதை
அவள் யாரிடமும் சொன்னதில்லை,
குறைசொன்ன மாதிரி ஆகிவிடும் என்று.

நேற்று அவள் என் டிராமில் ஏறினாள்.
கண்ணாடியில் பார்த்தேன்,
கம்பியைப் பிடித்தபடி,
முழங்கால்கள் பின்பக்கம் வில்லாக வளைந்து பூட்டியிருந்தன.
வளைவு வந்துகொண்டிருந்தது.
ஒலிபெருக்கியை அழுத்தினேன்:
"முழங்காலைப் பூட்டாதே, கொஞ்சம் மடக்கு."

நாற்பது பேர்,
ரொட்டிப் பையோடு நின்ற கிழவர் உட்பட,
சட்டென்று ஒரு அங்குலம் தாழ்ந்தார்கள்.
யாரும் தடுமாறவில்லை.