வில்லை

தீப்பெட்டி வாங்கி வைப்பது என் வேலை.
இருகூர் சைடிங்குக்குத் தெற்கே, கரட்டடியில்,
வெடிமருந்துக் கிடங்கின் கேட்டில்
மடியைத் தடவிப் பீடிக்கட்டு, சக்கிமுக்கிக்கல்,
ஒருமுறை ஒருத்தியின் மெட்டிகூட.
ஆளுக்கொரு பித்தளை வில்லை தருவேன்.

சித்திரை பத்து. பதினொன்றே கால்.
ஏழாம் ஷெட்டில் பெட்டி நழுவியது என்றார்கள்,
வெயில் என்றார்கள், அப்புறம்
யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்றார்கள்.
பட்டியாடுகள் படலை முறித்துக்கொண்டு
பாப்பம்பட்டிவரை ஓடியிருந்தன.
ஜப்பான்காரன் குண்டு என்று சந்தையில் பேச்சு.
அவன் வரவேயில்லை.

பொழுதோட மாராக்காள் வந்தாள்.
"ஏனுங் ரைட்டரே, எங்கூட்டுக்காரரு தீப்பெட்டி?"
"வில்லை கொண்டா" என்றேன்.
வாய் அப்படிப் பழகியிருந்தது.
அவள் என் தோளுக்கு மேலே பார்த்தாள்.
அங்கே ஷெட் இருந்த இடத்தில்
தூரத்துப் பனைகள் தெரிந்தன.

முப்பத்தொன்பதாம் அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
காதருகே குலுக்கினாள்.
"நாலு குச்சி கெடக்குதுங்க.
கொள்ளி வெக்க ஒடம்பா இருக்குது?
அடுப்புக்காச்சு."

இன்னும் அறுபத்திரண்டு பெட்டிகள்.
மேற்கே இடி இறங்கியது,
கோடைமழை.
நனையாமல் உள்ளே எடுத்து வைத்தேன்.