ஓடு

மரண அறிவித்தலுக்குச் சொல்லுக்கு ஒரு விலை,
சாமத்தியவீட்டுப் பதாகைக்கு இன்னொரு விலை.
பகிடிக்கு என்ன விலையென்று
என் கடையில் ஒருவரும் கேட்டதில்லை,
டெஸ்மன் ஞானராஜ் வரும்வரை.

"கொக்குவிலில ஒரு வீடண்ணை. நிலத்துக்குக் கீழ
பன்னிரண்டு கதிரை. வெள்ளி இரவு மட்டும்.
தெரிஞ்ச ஆள் கூட்டிவந்தால்தான் உள்ள விடுவம்.
ஒரு வரி வேணும்,
கொஞ்சம் வாய்க்கொழுப்போட."

போர்ட் எங்கை மாட்டுவியள்?
"போர்ட் இல்லை. ரகசியமெல்லோ."

ரகசியத்துக்கு விளம்பரம்.
சிரிக்காமல் முற்பணம் வாங்கினேன்.

முதலில் எழுதியது:
"எங்கள் தரம் கீழ்த்தரம்."
அவன் மேசையில் அடித்துச் சிரித்தான்.
மெல்பேர்னில் இருந்து காசு போட்ட நிரஞ்சலா
வட்ஸ்அப்பில் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினாள்.

பிறகு:
"குழி வெட்டினது நாங்கள்.
விழ வேண்டியது நீங்கள்."
இரண்டு கேள்விக்குறி.
என்ன செய்ய,
ஆறாத்துயர் எழுதிப் பழகின கை.
எதை எழுதினாலும் சுற்றிவரக்
கறுப்புக் கோடு விழுந்துவிடுகிறது.

"ஒருக்கா வந்து பாருங்கோ" என்றான்.

ஏழு படி.
ஆறாவதில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.
சுண்ணாம்புக்கல் குடைந்த அறை,
மேலே பனங்குற்றிகள், இப்போது வார்னிஷ் பூசி,
ஒவ்வொன்றின் இடுக்கிலும் சின்ன மஞ்சள் லைற்.
"பழைய பங்கர் அண்ணை, ஒண்டும் மாத்தேல்லை"
என்றான் பெருமையாக.
படிக்குக் கிட்ட இருந்த கதிரையில் போய் இருந்தேன்.
ஏனென்று அவன் கேட்கவில்லை.

குசினியில் இருந்து றீற்றாக்கா வந்தாள்,
குழம்பில் ஊறின நண்டுக்கோப்பையோடு.
இந்த ஒழுங்கையில்தான் அப்பவும் இருந்தவளாம்.
"உதுக்குள்ள முப்பத்தொரு பேர் இருந்தனாங்கள்.
ரோட்டால சைக்கிளில போன ஒருத்தனையும்
காலில பிடிச்சு இழுத்து உள்ள போட்டது.
ஆரெண்டு கேக்க நேரமேது?
இப்ப என்னெண்டால்
கூட்டிவாற ஆள் வேணுமாம்."
சொல்லிக்கொண்டே பெரிய காலொன்றை
என் கோப்பையில் வைத்தாள்.
நான் பல்லுக்குக் கொண்டுபோகையில்
உரத்துச் சொன்னாள்:
"ஓடு!"

எழும்பிவிட்டேன்.
கதிரை பின்னால் விழுந்தது,
குழம்பு சேர்ட்டில்,
தலை மறுபடி பனங்குற்றியில்.

"ஓடு கவனம் எண்டு சொல்ல வந்தனான் தம்பி,
நண்டின்ர ஓடு."

ஒரு கணம்.
பிறகு அவள் சிரித்தாள், நான் சிரித்தேன்,
சுவரைப் பிடித்துக்கொண்டு,
கண்ணைத் துடைக்கக் கைநீட்டி
கையெல்லாம் மிளகாய்த்தூள் என்று தெரிந்து
இன்னும் சிரித்தோம்.
தொண்ணூற்றெட்டில் நோர்வேயில் பிறந்த டெஸ்மன்
இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அந்த இரவே எழுதிக் கொடுத்தேன்:

"ஓடு எண்டால் இஞ்ச நண்டு.
ஆறுதலாச் சாப்பிடுங்கோ."

நிரஞ்சலா நெடுநேரம் ஒன்றும் அனுப்பவில்லை.
பிறகு: "இதுதான். ஆறாம் படியில
இடிக்கிற இடத்தில எழுதட்டும்.
அம்மா வந்தால் வாசிக்கவேணும்."

பில்லில் எல்லாச் சொல்லுக்கும் ஒரே விலை,
ஓடு என்பதற்கு மட்டும் இரட்டை.
டெஸ்மன் கூட்டிப் பார்த்தான், பேசாமல் தந்தான்.
அதில் பாதியை
றீற்றாக்கா உரிமையோடு வாங்கிச்
சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.