பிழை திருத்தம்: இதழ் 27

இருபத்தாறாம் இதழ், தொண்ணூற்றொன்றாம் பக்கம்,
இடது பத்தி, கடைசி வரி.
ஒரு பிழை இருக்கிறது.
அடுத்த இதழில் திருத்தம் போடுவது வழக்கம்.
அடுத்த இதழ் வரவில்லை.

'டெசிபெல்' பஹ்ரைன் பதிப்பு
குதைபியாவில், சலவைக் கடைக்கு மேலே, இரண்டு அறைகளில் பிறந்தது.
எண்பது பக்கம் லண்டனிலிருந்து
பொங்கிய சோறாக வரும்.
பதினாறு பக்கம் நாங்கள் ஆக்கவேண்டிய தொடுகறி.
ஆசிரியர் கஸ்ஸான், பெய்ரூட்காரர்,
பேசும்போதும் மேசையில் தாளம் தட்டுவார்.
விளம்பரத்துக்கு மங்களூர் பிளாவியா.
எனக்குக் கறுப்பு மார்க்கர்.

பாடகிகளின் தோளுக்குச் சட்டை தைத்தேன்.
முழங்காலுக்குக் கீழே பாவாடை இறக்கினேன்.
நாலாயிரம் பிரதி, பிரதிக்கு ஏழு இடம்.
போனில் கேட்டார்கள், என்ன வேலை என்று.
பத்திரிகையில் கலைப்பிரிவு என்றேன்.
பொய்யில்லை.

முதல் இதழின் அட்டையில்
முஹர்ரக் பாட்டுக்கூடம்: முத்துக்குளித்தவர்களின் பாட்டு,
மண்குடம் தட்டும் பதினோரு பேர்.
லண்டன் கேட்டது: இதில் கிட்டார் யார்?
அன்று மாலைவரை கஸ்ஸான் மேசையைத் தட்டவில்லை.

எட்டாவதில் செல்போன் கம்பெனி பின்னட்டையை எடுத்தது;
பிரியாணி சாப்பிட்டோம்.
பதினாலாவது ரமலானில் வந்தது. கச்சேரி எதுவும் இல்லை.
பதினாறு பக்கமும்
ஸ்பீக்கரில் தூசு துடைப்பது எப்படி என்று எழுதினோம்.
அதுதான் அதிகம் விற்றது.
பத்தொன்பதாவதுக்கு அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள்.
ஒரு புகார்கூட வரவில்லை.
அப்போதே புரிந்திருக்கவேண்டும்.

இருபத்தாறு.
கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் கழன்றுகொண்டது.
அரைப் பத்தி காலி.
'நீ எழுதேன்' என்றார் கஸ்ஸான்.
முந்தின வெள்ளிக்கிழமை
சல்மாபாத் தொழிலாளர் குடியிருப்பில்
தண்ணீர் லாரிக்குப் பின்னால் கேட்டதை எழுதினேன்:
ஏசி மெக்கானிக், கருங்கல் ஊர், பெயர் வேளாங்கண்ணி.
நாலு கம்ப்ரஸர் மூடி, ஒரு சாப்பாட்டுத் தட்டு.
நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கியவர்கள்
திட்டத்தான் எழுந்து வந்தார்கள்.
வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளுக்கு
வேளாங்கண்ணியைத் தெரியவில்லை.
'வயலின் கென்னி' என்று திருத்தியது.
அப்படியே அச்சேறிற்று.

லண்டனிலிருந்து முதல் பாராட்டு:
யார் இந்த வயலின் கென்னி?
அடுத்த மாதம் இரண்டு பக்கப் பேட்டி, படத்துடன்.
திங்கட்கிழமை இன்னொரு மின்னஞ்சல், வேறு கையெழுத்து:
உரிமம் நீட்டிக்கப்படவில்லை.

நாற்காலிகளை விற்றுச் சம்பள பாக்கியில் பாதியைக் கொடுத்தாள் பிளாவியா.
மீதிக்கு ஒரு பெட்டி மார்க்கர் எடுத்துக்கொண்டேன்.

பக்கத்தோடு சல்மாபாத் போனேன், மன்னிப்புக் கேட்க.
அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.
'கென்னி, வயலின் எங்கேடா?' என்று ஒருவன் கத்த
மூடியைத் தூக்கித் தோளில் சாய்த்துக் காட்டினார்.
பிறகு மெதுவாகக் கேட்டார்:
'இத அவளுக்கு அனுப்பினா
நாந்தான்னு எப்பிடி நம்புவா?'
என்னிடம் மார்க்கர் இருந்தது.
ஓரத்தில், தமிழில், பெரிதாக எழுதினேன்.

ஒரு பிரதி ஆயிற்று.
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பாக்கி.
ஏதாவது ஒன்று உங்கள் கைக்கு வந்தால்
வயலின் என்பதைக் கம்ப்ரஸர் மூடி என்றும்
கென்னி என்பதை வேளாங்கண்ணி என்றும்
திருத்தி வாசிக்கவும்.
நைட் ஷிப்ட்காரர்கள் தூங்குகிறார்களே என்று பார்க்கவேண்டாம்.
சத்தமாகவே வாசிக்கவும்.